பசுவுக்கு எது நல்ல தீவனம்? ஆய்வுக்கூடம் கற்பிக்கும் பாடம்

பசுவுக்கு உணவளிப்பது நம் முன்னோர் வகுத்த எளிய அறங்களுள் ஒன்று. செல்வர், வறியவர் என்ற வேறுபாடின்றி எவரும் செய்யக்கூடிய நற்செயல்களை எண்ணிச் சொன்ன திருமூலர், பசுவுக்குச் சிறிது புல் கொடுப்பதையும் அவற்றுள் ஒன்றாகத் திருமந்திரத்தில் வைத்தார். அமாவாசை நாளில் அகத்திக்கீரைக் கட்டோடு கோவில் வாசலில் நிற்கும் பெண்களைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் காணலாம். மாட்டுப் பொங்கலன்று கழுவிப் பொட்டிட்டு மாலை சூட்டிய மாட்டுக்குப் பொங்கல் ஊட்டாத உழவர் வீடு அரிது.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இந்த அறத்தைக் கையால் செய்யும் வாய்ப்புக் குறைவு. சிராங்கூன் சாலை வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டுக்கொட்டில்கள் நிறைந்த இடம். 'கண்டாங் கெர்பாவ்' என்ற மலாய்ப் பெயருக்கே எருமைப் பட்டி என்றுதான் பொருள். இன்று அந்தப் பெயர் மருத்துவமனையோடும், பஃபலோ ரோடு என்ற தெருப் பெயரோடும் நிற்கிறது. கிளமெண்டியிலிருந்து புக்கிட் தீமா பக்கம் சென்றால் டேரி ஃபார்ம் ரோடு என்ற பெயர்ப்பலகை கண்ணில் படும். 1930-களில் கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனத்தின் கறவைமாட்டுப் பண்ணை இயங்கிய இடம் அது. கிளமெண்டி அடுக்குமாடி வீடுகளில் வளரும் நம் பிள்ளைகள் பாலைப் பெட்டியிலும் பொட்டலத்திலும்தான் அறிவார்கள். மாட்டை நேரில் பார்ப்பது, பொங்கலையொட்டி லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டும் ஆண்டுகளில்தான்.

ஆகவே நம்மில் பலர் தமிழ்நாட்டுக் கோவில் கோசாலைகளுக்குப் பொருளுதவி செய்து மனநிறைவு அடைகிறோம். ஊருக்குப் போகும்போது கையால் ஊட்டியும் வருகிறோம். அப்படிக் கொடுப்பவர் மனத்தில் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் கொடுப்பது பசுவுக்கு நன்மை செய்கிறதா? எந்தத் தீவனம் எவ்வளவு பயன் தரும் என்பதை அறிய வழி உண்டா? கால்நடை அறிவியல் இதற்கு நூறாண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வந்துள்ளது. அந்த விடை கிடைத்த வரலாற்றையும், அது நம் தானத்துக்குச் சொல்லும் பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

பசுவின் வயிற்றில் ஓர் உலகம்

மனிதனுக்கு இரைப்பை ஒன்று. பசுவின் இரைப்பைக்கு நான்கு அறைகள். அவற்றுள் முதலாவதும் மிகப் பெரியதுமான அறையை அறிவியலார் 'ருமென்' என்பர். தமிழில் பெருவயிறு எனலாம். வளர்ந்த பசுவின் பெருவயிறு நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும்.

இங்கே செரிமான நீர் எதுவும் சுரப்பதில்லை. அதற்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிகோடியாக வாழ்கின்றன. பெருவயிற்று நீரில் ஒரு மில்லிலிட்டரை எடுத்தால் அதில் ஆயிரம் கோடிக்கும் குறையாத பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றோடு புரோட்டோசோவா என்ற ஓரணு உயிர்களும், ஒருவகைப் பூஞ்சைகளும் உண்டு. அங்கே வெப்பம் ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ். காற்றில் உள்ள பிராணவாயு அங்கே இல்லை எனலாம். உமிழ்நீர் இடைவிடாது வந்து அமிலத்தை மட்டுப்படுத்துகிறது.

வைக்கோலில் உள்ள நாரைச் செரிக்கும் ஆற்றல் பசுவின் உடலுக்குக் கிடையாது. நமக்கும் கிடையாது. அந்த ஆற்றல் இந்த நுண்ணுயிர்களுக்கே உண்டு. அவை நாரை உடைத்து நொதிக்கச் செய்யும்போது அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்ற மூன்று அமிலங்கள் உண்டாகின்றன. பெருவயிற்றின் சுவர் வழியே இவை இரத்தத்தில் கலந்து, பசுவுக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பங்கைத் தருகின்றன. நொதித்தலில் கரியமிலவாயுவும் மீத்தேனும் பிறக்கின்றன. பசு ஏப்பம் விட்டு அவற்றை வெளியேற்றுகிறது. வேலை செய்து பெருகிய நுண்ணுயிர்களும் வீணாவதில்லை. அவை உணவோடு நகர்ந்து நான்காம் அறையை அடைந்து, அங்கே சுரக்கும் அமிலத்தால் கொல்லப்பட்டு, பசுவுக்கே புரதமாகின்றன.

ஆகவே பசுவுக்கு ஊட்டுகிறோம் என்று நாம் சொல்லும்போது, உண்மையில் முதல் பந்தியில் அமர்பவை இந்த நுண்ணுயிர்கள். அவை உண்டு மிகுந்ததும், அவை சமைத்துத் தந்ததும், கடைசியில் அவையுமே பசுவின் உணவு. தீவனத்தின் தரத்தைக் கேட்டறிய வேண்டுமானால் அவற்றிடம்தான் கேட்க வேண்டும். இந்த உண்மை ஆய்வுமுறையாக உருப்பெறப் பல காலம் ஆயிற்று.

வேதியியல் சொன்னதும் சொல்லாததும்

1860-களில் ஜெர்மனியில் வேந்தெ என்னும் ஊரின் ஆய்வு நிலையத்தில் ஹென்னபெர்க், ஸ்டோமன் என்ற இருவர் தீவனத்தைப் பகுத்தாய ஒரு முறை வகுத்தனர். தீவனத்தில் நீர் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, புரதம், கொழுப்பு, நார் ஆகியவை எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிடும் முறை அது. இன்றும் தீவன மூட்டையின் மேல் அச்சிடப்படும் விவரங்களுக்கு அடிப்படை இதுவே.

ஆனால் இம்முறை ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும். அதில் எவ்வளவு பசுவுக்குப் பயன்படும் என்பதைச் சொல்லாது. இம்முறையில் புரதம் என்பது நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிக் காணும் எண். அந்தக் கணக்குப்படி ஒரு தோல் செருப்பிலும் புரதம் ஏராளம். அதனால் செருப்பு தீவனமாகிவிடுமா? மரத்தூளிலும் வைக்கோலிலும் நார் உண்டு. இரண்டையும் பசு ஒன்றுபோல் செரிக்குமா?

1960-களில் அமெரிக்க அறிஞர் பீட்டர் வான் சூஸ்ட் இக்குறையைப் பெருமளவு நீக்கினார். சோப்புப் போன்ற கரைசல்களில் தீவனத்தைக் கொதிக்கவைத்து, நாரை அவர் வகை பிரித்தார். நுண்ணுயிர்கள் மெல்ல உடைக்கக்கூடிய நார் எது, உடைக்கவே முடியாத லிக்னின் என்ற மரப்பிசின் போன்ற பொருள் எவ்வளவு என்பது அதனால் தெரிந்தது. இருந்தாலும் அது மறைமுகமான அறிவே. பசு அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்ற கேள்வி எஞ்சி நின்றது.

நேரடியான வழி ஒன்று உண்டு. மாட்டுக்கு ஒரே தீவனத்தை இரண்டு மூன்று வாரம் கொடுத்துப் பழக்கி, அதன்பின் ஒரு வாரம் அது தின்றதையும் போட்ட சாணத்தையும் நிறுத்துப் பார்ப்பது. தின்றதில் சாணமாக வெளியேறியது போக எஞ்சியது செரித்தது. இதைவிட நம்பத்தக்க முறை இல்லை. ஆனால் ஒரு தீவனத்துக்கு ஒரு மாதமும், பல மாடுகளும், நூறு நூறு கிலோ தீவனமும் வேண்டும். புதிய பயிர் வகை ஒன்றில் கைப்பிடி வைக்கோல்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது?

பைக்குள் இட்டு அறிதல்

1938-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டனர். சிறு பட்டுத்துணிப் பையில் தீவனத்தை இட்டு, ஆட்டின் பெருவயிற்றுக்குள் வைத்து, சில மணி நேரம் கழித்து எடுத்து நிறுத்துப் பார்த்தனர். பின்னாளில் பட்டுக்குப் பதில் நைலான் வந்தது. நுண்ணுயிர் உள்ளே புகவும், தீவனத் துகள் வெளியே சிந்தாமல் இருக்கவும் தக்கபடி பையின் கண்கள் மிக நுண்ணியவையாக இருக்கும். 4, 8, 16, 24, 48, 72 மணி என்று பல பைகளை அடுத்தடுத்து எடுத்துப் பார்த்தால், தீவனம் எந்த வேகத்தில் கரைகிறது என்பது தெரியும். 1979-ல் ஸ்காட்லாந்தின் ரோவெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஓர்ஸ்கோவ், மெக்டொனால்டு இருவரும் இந்த வேகத்தை ஒரு கணிதச் சமன்பாட்டில் அடக்கினர். அதன்பின் இம்முறை உலகெங்கும் பரவியது.

பெருவயிற்றுக்குள் பையை எப்படி வைப்பது என்று அன்பர்கள் கேட்கலாம். மருத்துவர் மாட்டுக்கு மயக்கமருந்து கொடுத்து, இடப்பக்க விலாவில் ஒரு துளையிட்டு, ரப்பர் மூடி பொருத்துவார். புண் ஆறியபின் அந்த மாடு மற்ற மாடுகளைப் போலவே மேய்ந்து, அசைபோட்டுப் பல ஆண்டுகள் வாழும். ஆயினும் பசுவைத் தாயாக எண்ணும் உள்ளத்துக்கு இது உறுத்தலாகவே இருக்கும். ஆய்வாளர்களுக்கும் அவ்வுறுத்தல் உண்டு. ஒரே மாட்டிலிருந்து சிறிதளவு நீரை எடுத்து, மற்ற வேலைகளையெல்லாம் கண்ணாடிக்குள் செய்துவிட முடியாதா என்ற தேடலுக்கு அதுவும் ஒரு காரணம்.

கண்ணாடிக்குள் ஒரு பெருவயிறு

1963-ல் இங்கிலாந்தின் ஹர்லி புல்வெளி ஆய்வு நிலையத்தில் டிலி, டெர்ரி என்ற இருவர் அதைச் செய்து காட்டினர். அரை கிராம் தீவனத்தை ஒரு குழாயில் இட்டு, பெருவயிற்று நீரையும், மாட்டின் உமிழ்நீரைப் போலத் தயாரித்த உப்புக்கரைசலையும் சேர்த்து, வெதுவெதுப்பான சூட்டில் 48 மணி நேரம் வைத்தனர். அது முதற்கட்டம். அடுத்த 48 மணி நேரம் அமிலமும் பெப்சின் என்ற செரிமானப் பொருளும் சேர்த்து, நான்காம் அறையில் நடப்பதை நடத்தினர். கடைசியில் கரையாமல் எஞ்சியதை நிறுத்தனர். மாட்டில் ஒரு மாதம் நடக்கும் சோதனையின் விடைக்கு மிக நெருங்கிய விடை நான்கே நாளில் கிடைத்தது.

இதிலும் ஒரு குறை இருந்தது. குழாயைத் திறந்து நிறுத்தால் சோதனை முடிந்துவிடும். முடிவு தெரியும், வழி தெரியாது. ஒரு தீவனம் முதல் மணி நேரத்தில் பாய்ந்து நொதிக்கிறதா, இரண்டு நாள் நிதானமாக நொதிக்கிறதா என்பதை அறிய முடியாது. இது எவ்வளவு முக்கியமான செய்தி என்பதைப் பின்னால் காண்போம்.

மூச்சை அளக்கும் முறை

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் மெங்கெ என்ற அறிஞரும் அவர் குழுவினரும் 1979-ல் வெளியிட்ட முறை இக்குறையைத் தீர்த்தது. நொதித்தல் நடக்குமிடத்தில் வாயு பிறக்கும். நம் வீட்டு இட்லி மாவு இரவில் பொங்குவதும் இதனால்தான். மாவு எவ்வளவு பொங்கியது என்று பார்த்தே எவ்வளவு புளித்தது என்று நம் பெண்கள் சொல்லிவிடுவார்கள். மெங்கெ குழுவினர் அந்தப் பொங்குதலை அளவுகோலாக்கினர்.

செய்முறை இதுதான். 100 மில்லிலிட்டர் கொள்ளும் கண்ணாடி ஊசிக்குழலில், நன்கு உலர்த்தி அரைத்த தீவனம் 200 மில்லிகிராம் இடுவர். விடியற்காலையில், தீவனம் வைக்கும் முன், மாட்டின் பெருவயிற்று நீரை எடுத்து, முன்னரே சூடேற்றிய தெர்மாஸ் குடுவையில் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு வருவர். அதை மஸ்லின் துணியில் வடிகட்டுவர். காற்றுப் பட்டால் நுண்ணுயிர்கள் இறந்துவிடும். ஆதலால் கரியமிலவாயுவைச் செலுத்திக்கொண்டே இவ்வேலைகளைச் செய்வர். ஒரு பங்கு வயிற்று நீரோடு இரண்டு பங்கு உப்புக்கரைசல் சேர்த்த கலவையில் 30 மில்லிலிட்டரை ஒவ்வொரு குழலிலும் ஏற்றி, வாயை அடைத்து, 39 டிகிரி சூட்டில் வைப்பர்.

இனி நுண்ணுயிர்களின் வேலை. அவை தீவனத்தை உண்ண உண்ண வாயு பிறந்து, குழலின் தண்டை மேலே தள்ளும். அமிலங்கள் பிறக்கும்போது உப்புக்கரைசலிலிருந்தும் கரியமிலவாயு விடுபட்டுச் சேர்ந்துகொள்ளும். 2, 4, 8, 12, 24, 48 மணி என்று ஆய்வாளர் குழலின் கோடுகளைப் படித்துக் குறித்துக்கொள்வார். தீவனமே இல்லாத குழல் ஒன்றும், தரம் முன்பே தெரிந்த புல் இட்ட குழல் ஒன்றும் கூடவே வைக்கப்படும். வயிற்று நீரே விட்ட வாயுவைக் கழிக்கவும், அன்றைய நீரின் வீரியத்தைச் சரிபார்க்கவும் அவை உதவும். ஒவ்வொரு தீவனத்துக்கும் குறைந்தது மூன்று குழல்கள் வைப்பது வழக்கம். ஒரு முறையில் பல தீவனங்களைப் பார்த்துவிடலாம்.

24 மணியில் வந்த வாயுவின் அளவையும், தீவனத்தின் புரத அளவையும் ஒரு சமன்பாட்டில் இட்டால், ஒரு கிலோ தீவனம் பசுவுக்கு எவ்வளவு ஆற்றல் தரும் என்று கணிக்கலாம். மக்காச்சோள மாவு இட்ட குழலில், வைக்கோல் இட்ட குழலைப் போல இரண்டு மூன்று மடங்கு வாயு வரும்.

வாயு ஒன்றை மட்டும் நம்பிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் பின்னால் வந்தது. நுண்ணுயிர்கள் தீவனத்தை வாயுவாகவும் ஆக்கலாம், தம் உடலாகவும் ஆக்கலாம். தம் உடலாக ஆக்கினால் பசுவுக்குப் புரதம் கூடும். மைக்கேல் ப்ளூம்மெல், ஹரிந்தர் மக்கர், கிளாஸ் பெக்கர் ஆகியோர் 1990-களில் வாயுவோடு எஞ்சிய தீவனத்தையும் அளந்தனர். கரைந்த அளவுக்கு ஏற்ப எவ்வளவு வாயு வந்தது என்று பார்க்க வேண்டும் என்று அவர்கள் காட்டினர். அளவுகோலையே அளந்து பார்க்கும் இந்த நேர்மைதான் அறிவியலின் அழகு.

ஐதராபாத் சந்தையின் சாட்சி

இம்முறைகள் நம் நாட்டுக்குப் பயன்பட்டனவா? ஐதராபாத்துக்கு அருகே படான்சேருவில் இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிலையம் 1972-ல் தொடங்கப்பட்டது. பன்னாட்டுக் கால்நடை ஆய்வு நிலையத்தின் அறிஞர்களும் அங்கே பணியாற்றினர். ப்ளூம்மெல் அவர்களுள் ஒருவர். ஐதராபாத் நகரைச் சுற்றியுள்ள மாட்டுப்பால்காரர்கள் சோளத்தட்டையைச் சந்தையில் விலைக்கு வாங்குவது வழக்கம். ஒவ்வொரு ஊர்த் தட்டைக்கும் ஒவ்வொரு விலை. வியாபாரி கையில் எடுத்து, முறித்து, நிறம் பார்த்து விலை சொல்வார்.

ஆய்வாளர்கள் அந்தத் தட்டைகளை விலையோடு சேர்த்து வாங்கி வந்து ஆய்வுக்கூடத்தில் நொதிக்கவைத்துப் பார்த்தனர். 2006-ல் வெளியான முடிவு வியப்பானது. மிகத் தாழ்ந்த தட்டையில் செரிக்கும் பங்கு ஏறக்குறைய 47 சதவீதம், மிக உயர்ந்ததில் 52 சதவீதம். இடையில் உள்ளது ஐந்து புள்ளிதான். அந்த ஐந்து புள்ளிக்குச் சந்தையில் 25 சதவீதமும் அதற்கு மேலும் விலை கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. எழுதப் படிக்காத பால்காரரும் தட்டை வியாபாரியும் தம் கண்ணாலும் கையாலும் மாட்டின் பால் அளவாலும் கண்டறிந்ததைக் கண்ணாடிக்குழல் அப்படியே உறுதி செய்தது.

இதன் பயன் பெரிது. அதுவரை சோளம் வளர்ப்போரும் புதுவகை உருவாக்குவோரும் கதிரையே பார்த்தனர், தட்டையைப் பார்க்கவில்லை. தட்டைக்கும் தரம் உண்டு, அதற்கும் விலை உண்டு என்று தெரிந்தபின், தானியம் குறையாமல் தட்டையும் சிறந்த வகைகளைத் தேர்ந்தெடுக்க முடியும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இப்போது ஒளிக்கதிரைப் பாய்ச்சிச் சில நிமிடங்களில் தரம் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. அக்கருவிகளுக்குத் தரம் என்றால் என்ன என்று முதலில் கற்றுக்கொடுத்தவை இந்த நொதித்தல் சோதனைகளே.

மர இலைகளை ஆய்வதிலும் இம்முறை கைகொடுத்தது. சில இலைகளில் புரதம் நிறைய இருந்தாலும், டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதைப் பூட்டி வைத்துவிடும். டானினைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருளைக் குழலில் சேர்த்துப் பார்த்தால், வாயு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பூட்டு இருந்தது என்று பொருள். பசு விடும் மீத்தேனைக் குறைக்கும் கடற்பாசி, மூலிகை முதலியவற்றையும் இன்று முதலில் இத்தகைய குழல்களிலும் குப்பிகளிலும்தான் சோதிக்கிறார்கள். விலாவில் துளையிடாமல், புதிய சாணத்தைக் கரைத்த நீரிலேயே நுண்ணுயிர்களைப் பெறலாம் என்று 1980-களிலேயே முயன்று பார்த்ததும் உண்டு. அதன் வீரியம் சற்றுக் குறைவு என்றாலும், மாட்டைத் துன்புறுத்தாத வழி அது.

நம் தானத்துக்கு இதில் என்ன பாடம்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். மூன்று குழல்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்றில் வைக்கோல், ஒன்றில் வைக்கோலோடு கலந்த அகத்தி, ஒன்றில் வெந்த அரிசி.

வைக்கோல் குழலில் முதல் சில மணி நேரம் தண்டு அசையவே அசையாது. பிறகு மெல்ல மெல்ல இரண்டு மூன்று நாள் ஏறும். வைக்கோலில் உள்ள மணற்சத்தும் லிக்னினும் ஒரு தடை. அதில் புரதம் 4 சதவீத அளவே இருப்பது மற்றொரு தடை. உண்ணும் உணவில் ஏறக்குறைய 7 சதவீதப் புரதமாவது இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் பெருக இயலாமல் சோர்ந்துவிடும். வயிறு நிறைய வைக்கோல் இருந்தும் பசு மெலிவது இதனால்தான்.

அகத்தியின் இலையை உலர்த்திப் பார்த்தால் அதில் சுமார் 25 சதவீதம் புரதம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோ வைக்கோலில் புரதம் 200 கிராம். அதோடு உலர்ந்த எடையில் ஒரு கிலோ அகத்தி சேர்ந்தால் 250 கிராம் கூடும். 6 கிலோவில் 450 கிராம், அதாவது 7.5 சதவீதம். சோர்ந்திருந்த நுண்ணுயிர்கள் எழுந்து வேலை செய்யத் தொடங்கும். அகத்தியின் பயனோடு, அதுவரை வீணான வைக்கோலின் பயனும் சேர்ந்து கிடைக்கும். அகத்தியைத் தேர்ந்தெடுத்த நம் பாட்டிமார் குழலைக் கண்டதில்லை, ஆனால் மாட்டைக் கண்டிருந்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பச்சை அகத்தியில் முக்கால் பங்குக்கு மேல் நீர். ஒரு கிலோ உலர்ந்த இலைக்கு நான்கைந்து கிலோ பச்சை இலை வேண்டும், அதுவும் நாள்தோறும். அமாவாசையன்று ஒரே பசுவின் முன் மலைபோலக் குவித்துவிட்டு மற்ற நாட்களில் வெறும் வைக்கோலிட்டால் பயன் சிறிதே. பசும் இலையை வெறும் வயிற்றில் அளவின்றித் தின்றால் வயிறு உப்பவும் கூடும்.

மூன்றாவது குழல்தான் கவலைக்குரியது. வெந்த அரிசி இட்ட குழலில் தண்டு தொடக்கத்திலேயே விரைந்து ஏறும். குழலில் அது வெறும் எண். மாட்டின் வயிற்றில் அது அமில வெள்ளம். மாவுச்சத்து ஒரேயடியாக நொதிக்கும்போது லாக்டிக் அமிலம் பெருகி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். மாடு தீனி எடுக்காது, அசைபோடாது. வயிறு உப்பும், புளித்த நாற்றத்தோடு கழியும். முற்றினால் எழ முடியாமல் படுத்து, ஓரிரு நாளில் இறக்கவும் கூடும். பொங்கல் நெருங்கும்போது, மாடுகளுக்குப் பொங்கலும் சோறும் அளவுக்கு மீறி ஊட்டாதீர்கள் என்று தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

எவரும் கெட்ட எண்ணத்தோடு ஊட்டுவதில்லை. ஒருவர் கொடுப்பது ஒரு கைப்பிடியே. ஆனால் விழா நாளில் ஒரே பசுவுக்கு நூறு பேர் ஆளுக்கு 200 கிராம் கொடுத்தால் 20 கிலோ ஆகிவிடுகிறது. அதில் நீர் போக ஆறு கிலோ மாவுச்சத்து. வைக்கோலே தின்று பழகிய பசுவை நோயில் தள்ள அது போதும். வெல்லமும் வாழைப்பழமும் சேர்ந்தால் இன்னும் விரைவு. நூறு பேரின் அன்பை அந்த ஒரு வயிறு தாங்க முடியாது.

கொடுப்போர் நினைவில் கொள்ளத்தக்கவை

1. கோசாலைக்கு நிதி அளிக்கும்போது, ஒரு நாள் விருந்துக்கு அளிப்பதைவிட, ஆண்டு முழுவதும் பசுந்தீவனம் கிடைக்க அளிப்பது மேல். அகத்தி, வேலிமசால், சூபாபுல், கம்பு நேப்பியர் ஆகியவற்றை வளர்க்க நிலமும் நீரும் தேவை. அதற்கான செலவும் தீவன தானமே.

2. வைக்கோலைத் தரம் உயர்த்த முடியும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைக்கும் முறை பரவலாகத் தெரிந்தது. அதனால் நார் இளகும், நைட்ரஜனும் சேரும். ஆனால் அளவு தவறினால் யூரியா நஞ்சு. இளங்கன்றுகளுக்கு அது ஆகாது. கால்நடை மருத்துவரின் நேரடி வழிகாட்டலில் மட்டுமே செய்ய வேண்டும்.

3. விழா நாளில் பொங்கலை ஒரு கவளம் மட்டும் ஊட்டி, மீதியை மக்களுக்குப் பிரசாதமாக வழங்கலாம். பசுவுக்கு ஊட்ட விரும்பும் மற்றவர்கள் கையில் புல்லும் கீரையும் கொடுக்க நிர்வாகத்தார் ஏற்பாடு செய்யலாம்.

4. எந்தத் தீவன மாற்றத்தையும் இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். நுண்ணுயிர்க் கூட்டம் புது உணவுக்குப் பழக அத்தனை நாள் ஆகும்.

5. பெருந்தொகை அளிக்கும் அன்பர்கள், வாங்கும் தீவனத்தின் தரத்தை ஆண்டுக்கொரு முறையேனும் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அதை உள்ளடக்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989-ல் அமைந்தது. அத்தகைய கல்வி நிலையங்களின் அறிவுரையைக் கோசாலை நிர்வாகத்தார் நாடுவது நலம்.

திருமூலர் பசுவுக்குச் சொன்னது சிறிதளவு புல்தான். எளியவரும் கொடுக்க இயலவேண்டும் என்பது அதன் கருத்து. கண்ணாடிக்குழலை வைத்து ஆராய்ந்தவர்கள் கண்டதும் அதற்கு மாறானதல்ல. சிறிது கொடு, நாள்தோறும் கொடு, நாரோடு கொடு என்பதே அவர்கள் சொல்லும் விதி. பாத்திரமறிந்து பிச்சையிடு என்பது நம் பழமொழி. பசுவின் வயிறும் ஒரு பாத்திரம். அதை அறிந்து இடுவோமாக. இட்டவர் குடும்பமும், பெற்ற உயிரும் நலமுற்று வாழ இறையருள் துணை நிற்கட்டும்.